மேலே ஒட்டிய வெள்ளைத்தாள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் எதிரில் பேச நாக்கு எழாது. என் மகளின் வேலை விஷயத்தில் நான் வாய் திறந்தது ஒரே ஒரு முறை.

தன் பிள்ளைகள் வளரும்வரை வீட்டிலிருந்த மகளை, திருப்பதியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். சித்தூரில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை. கடைசியாக ஒரு கன்டெய்னர் இமேஜ் செய்து தரவேண்டும். அது சரியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம்.

இமேஜ் என்றால், ஒரு புரோகிராம் ஓடத் தேவையானதெல்லாம் சேர்ந்த கட்டாம். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது அவள் பழக்கம். நான் பூண்டு உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். டிஸ்கில் அது ஒரே மூட்டையாக இருக்காது. அடுக்கு அடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் தனி ஃபோல்டரில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். கீழ் அடுக்கை யாரும் தொடுவதில்லை. அதிலுள்ள ஒன்றை அழித்தால், மேல் அடுக்கில் ‘இது இல்லை’ என்று ஓர் அடையாளம் மட்டும் விழும். பாஸ்வேர்டு இருந்த ஃபைலை அப்படித்தான் அழித்துவிட்டேன் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மாம்பழக் கூழ் கம்பெனியில் பல வருடம் டின்களுக்கு லேபிள் ஒட்டியவள் நான். லேபிள் தப்பாகிவிட்டால் மேலே வெள்ளைத்தாள் ஒட்டி மறைப்போம். ஒருமுறை ஈரத்தில் தாள் உரிந்து பழைய பெயர் பளிச்சென்று தெரிய, லோடு முழுக்கத் திரும்பி வந்தது.

கேட்கலாமா வேண்டாமா என்று இன்னும் இரண்டு பூண்டு உரித்தேன். பிறகு கேட்டேன்.

“மேல தாளு ஒட்டிக்கினா அடியில இருக்கிறது எங்க போவும் பாப்பா? உரிச்சா தெரியாதா?”

“அது வேற, இது வேறம்மா. லேபிள் ஒட்னவளுக்கு எல்லாமே லேபிள்தான்,” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கீழ் அடுக்கின் ஃபோல்டரைத் திறந்தாள். பாஸ்வேர்டு முழுசாக அங்கேயே உட்கார்ந்திருந்தது.

முதலில் அந்த பாஸ்வேர்டையே மாற்றினாள். ஃபைலை உள்ளே வைக்காமலே இமேஜை மறுபடி கட்டினாள். அடியிலிருந்த அடுக்குகள் டிஸ்கில் அப்படியே இருந்ததால் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கவில்லை; மாறிய இடத்திலிருந்து மேலே மட்டும்தான். என் பூண்டு முடியுமுன் முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை பஸ் ஏறித் திருப்பதி போனாள். மத்தியானம் போன் வந்தது.

“யம்மா, மேனேஜரு ஒவ்வொரு அடுக்கா உரிச்சிப் பாத்தாரு. ஒண்ணும் கெடைக்கல. நல்லாருக்குன்னு தெலுங்குல ‘பாகுந்தி’ன்னாரு. வேலை எனக்குத்தான். உங்கிட்ட இன்னும் கேள்வி இருந்தா சேத்து வையி.”

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரி குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்டால்தான் நான் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று தெருவுக்கே கேட்கும்படி நானே கூப்பிட்டுச் சொன்னேன்.