கோயில் இல்லாத டிரிப்

திருச்சுழியில் பிக்கப்புக்காக வேனை நிறுத்தியதுமே முருகேசன் பைக்கைக் குறுக்கே போட்டான். ஏற வந்த அவன் அம்மா பேச்சியம்மாளின் பையை இந்தப் பக்கம் அவன் இழுக்கிறான். அந்தப் பக்கம் அவர் விடுவேனா என்கிறார்.

"தனம் அத்த, எந்தக் கோயிலுக்குப் போறீக?"

"கோயிலுக்கு இல்லப்பா. தீவுல ஒரு பீச்சு இருக்கு. படகுலதான் போகணும்."

"கோயில் இல்லாத ஊருக்கு எதுக்கு டூரு? அங்க அப்பிடி என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மை அதுதானே!

வேன் டூர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வானம் பார்த்த பூமியில் பெண்களுக்கு டூர் என்றால் கோயில்தான். நோட்டீஸில் நாலு கோயில் பெயர் இருந்தால்தான் வீட்டில் விடுவார்கள். பாளையம்பட்டியில் இருந்துகொண்டு நானும் அப்படித்தான் பல வருஷம் டிரிப் அடித்தேன். கோயிலைக் குறை சொல்லவில்லை, நான் சாப்பிட்ட சோறு அது.

பேச்சியக்கா என் பழைய பார்ட்டி. மானாவாரியில் கொத்தமல்லியும் பருத்தியும் போடுகிறவர். ராமேஸ்வரத்துக்கு என் வேனிலேயே பல தடவை வந்திருக்கிறார். ஒரு தடவை திரும்பி வரும்போது சொன்னார்: "ஏத்தா தனம், எத்தன தடவ கடலுக்குக் கூட்டியாந்திருக்க, ஒரு தடவ உக்கார விட்டியா? முங்குனமா, ஓடுனமா, ஈரச்சேலையோட வேன்ல ஏறுனமான்னு போச்சு. தண்ணியப் பாத்துக்கிட்டு செத்த நேரம் சும்மா உக்காரணும்த்தா. அம்புட்டுத்தான் ஆச."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆசைக்காகவே இந்த டிரிப்பைப் போட்டேன். வேன் ஓட்டுவது என் வீட்டுக்காரர். "கோயில் இல்லாம பார்ட்டி சேராது" என்றார். "சேத்துக் காட்டுறேன்" என்று ஊர் ஊராக அலைந்து சேர்த்துக் காட்டினேன்.

இப்போது முருகேசன் மறித்து நிற்கையில் அவரே என் காதருகே வந்து, "போற வழியில ஒரு கோயில் இருக்குன்னு சொல்லித் தொலையேன்" என்றார். அது பேச்சியக்கா காதில் விழுந்துவிட்டது.

"எதுக்குப் பொய்யி? எய்யா முருகேசா, நான் கடலப் பாக்கப் போறேன். பொழுது சாய வந்துருவேன். பைய விடு."

விட்டான். முகத்தைத்தான் தூக்கி வைத்துக்கொண்டான்.

தீவில்

படகுத்துறையில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. கண்மாயில் தண்ணீர் கிடந்தால்தானே தெரிவதற்கு! படகுக்காரர் அந்தோணி அண்ணன், "ஃபாரஸ்ட்டுக்காரங்க தீவு இது, அங்க இருந்து ஒரு பொருளும் எடுக்கக் கூடாதும்மா" என்று சொன்னார். எல்லாரும் "சரி சரி" என்று தலையை ஆட்டினார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் யார் காதிலும் எதுவும் ஏறவில்லை.

வெள்ளை மணல். ஆள் நடமாட்டமே இல்லை. இறங்கியதும் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். எனக்கு ஒரே பெருமை. திரும்பும் நேரத்தைப் பற்றி அந்தோணி அண்ணனிடம் பேசிவிட்டுத் திரும்பினேன். அடப்பாவிகளா!

ஆளுக்கொரு சுள்ளிக் கட்டு. கரை ஒதுங்கிய குச்சி, மரத்தடியில் கிடந்த காய்ந்த கொப்பு, ஒன்றையும் விடவில்லை. சில பேர் துண்டைச் சுருட்டிச் சும்மாடும் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களின் கை அப்படி. காய்ந்த குச்சி கண்ணில் பட்டால் குனியாமல் போகத் தெரியாது. வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தாலும் குனியும்.

அந்தோணி அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, இது என்ன வெறகுக் காடா? ஒரு குச்சி வந்தாலும் என் பெர்மிட்டு போயிரும். போதும் ஒங்க சுத்திப் பாக்குறது. எல்லாரும் ஏறுங்க!"

"கீழ கெடக்கறதுதானப்பா" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அவர் இன்ஜினையே ஸ்டார்ட் செய்துவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய கட்டு யார் தலையில் தெரியுமா? பேச்சியக்கா தலையில்!

அவர் என்னைப் பார்த்தார். கட்டை இறக்கி அதைப் பார்த்தார். "அய்யய்யோ, நானுமா! தனம், நான் இன்னும் உக்காரவே இல்லத்தா" என்று சொல்லி, அந்த இடத்திலேயே மணலில் சப்பென்று உட்கார்ந்துவிட்டார். "உக்காராம நான் ஏற மாட்டேன். வேணும்னா விட்டுட்டுப் போங்க."

நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, ஒரு குச்சி ஒங்க படகுல ஏறாது. எடுத்த எடத்துலயே போட வைக்கிறேன். நீங்களே சுத்திப் பாருங்க. பேசுன நேரம் வரைக்கும் இவுகள இருக்க விடுங்க."

"மீறி ஏறுச்சுன்னா?"

"என் வேன இந்தத் துறைப் பக்கமே இனி விடாதீக."

முறைத்தார். பிறகு இன்ஜினை அணைத்தார்.

சுள்ளி எல்லாம் பழைய இடத்துக்கே போயிற்று. "இப்பக் கையக் கட்டிட்டு உக்காருங்க" என்று அதட்டினேன். ஒருத்தி பையை உதற எழுந்தாள். "உக்காருடி!" இன்னொருத்தி சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போனாள். "நீயும் உக்காரு!" மெதுவாகத்தான் அடங்கினார்கள். பேச்சியக்கா காலை நீட்டி, அலை வந்து தொட விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"என்னத்தா போலீஸ்காரி கெணக்கா நிக்க? நீயும் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அத்தனை டிரிப்பில் நானும் அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்து

பொழுது சாயத் திருச்சுழியில் இறக்கிவிட்டோம். முருகேசன் பைக்கோடு நின்றான். அம்மாவின் பையை வாங்கித் தடவிப் பார்த்தான்.

"என்னம்மா, பிரசாதம் கிரசாதம் ஒண்ணும் இல்லையா? பெறகு யாருக்காகப் போன?"

"எனக்காகத்தாம்லே போனேன். வண்டிய எடு."

வண்டியை எடுத்தான்.

பிள்ளைகளே, பெண்கள் பார்ட்டியைக் கூட்டிப் போனால் ரூட்டில் எங்கேயாவது ஓரிடத்தில் அவர்கள் சும்மா உட்கார நேரம் விடுங்கள். அவர்களாக உட்கார மாட்டார்கள். அதட்டி உட்கார வையுங்கள்.