சுபஹுக்கு முன் குளித்தவள்

எங்கள் வளவில் இரண்டு வீடுகள். முன்வீடு எனக்குச் சீதனமாக வந்தது, பின்வீடு தங்கச்சிக்கு. இடையில் ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம், உடுப்புக் காயப்போடும் கயிறு, இவை எல்லாவற்றையும் கண்காணிக்க உம்மாவின் இரண்டு கண்கள். வாப்பா மௌத்தான பிறகு உம்மா தங்கச்சியோடுதான் இருக்கிறார். தங்கச்சியின் மாப்பிள்ளை கட்டாரில் டிரைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போவார்.

இப்படியான வளவில் இரகசியம் வைத்திருப்பது லேசான காரியமில்லை. யார் எந்த நாளில் தொழவில்லை, யாருக்கு மாதவிலக்கு நின்று எப்போது சுத்தமானது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பெண்கள் சமையலை முடித்துப் பதினொரு மணிவாக்கில்தான் குளிப்பார்கள். விடியலில் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்பே ஒருத்தி தலை நனைத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளையோடு இருந்திருக்கிறாள், குளித்தால்தான் தொழ முடியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் தேங்காய்ப்பூத் துவாயால் தலையைச் சுற்றிக்கொண்டு போவாள், மற்றவர்கள் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

போன மாரியில் ஒரு நாள் விடியற்காலை தங்கச்சி அப்படித் துவாயோடு குளியலறையிலிருந்து வந்தாள். மாப்பிள்ளை கட்டாரில். அவளுக்குச் சுத்தமாகி ஒரு வாரத்துக்கு மேல். உம்மா கோழிகளைப் பார்க்கவில்லை.

“என்ன புள்ள, இந்நேரத்துல தல முழுகியிரிக்காய்?”

“வெக்கையா இரிந்த உம்மா.”

மாரி மழையில் வெக்கை! பொய் சொல்லத் தெரியாத பிறவி அவள். உம்மா அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியை வாங்குவார், குடிப்பார், கோப்பையை வைப்பார், அவ்வளவுதான். இரவில் பின்கதவுக் கொண்டியை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். என்னிடம் மட்டும் வந்து, “மாப்புளட ஆக்கள்ற காதுல விழுந்தா இவள வெச்சிரிப்பாங்களா?” என்று அழுதார். உம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனால் போதும், தங்கச்சியின் வாழ்க்கை அதோடு சரி. மூன்று பிள்ளைகள் வேறு.

எனக்கு உம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் பொய் சொல்வானேன், நானும் அரை நாள் சந்தேகப்பட்டேன். பின்னேரம் கிணற்றடியில் அவளைப் பிடித்து நிறுத்தி, உண்மையைச் சொல்லடி என்றேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். தலையைக் குனியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

“கனவொண்டு கண்ட ராத்தா. ஆரெண்டு முகம் தெரியா. உள்ளங்கால்ல இரிந்து ஏறி வந்த. முழிச்சிப் பாத்தா உடம்பெல்லாம் லேசா இரிக்கி, அழுகையும் வருகிது சிரிப்பும் வருகிது. பதினாறு வருசம் குடும்பம் நடத்தி மூணு புள்ள பெத்த நான். இப்பிடியொண்டு என்ட உடம்புல இரிக்கெண்டு எனக்குத் தெரியா.” பிறகு கேட்டாள்: “இதுக்குக் குளிப்புக் கடமையா, இல்லையா? சந்தேகத்துக்குத்தான் குளிச்ச.”

எனக்குத் தெரியாதது குளிப்பின் சட்டம் மட்டுமில்லை. அவள் சொன்ன அந்த லேசு எப்படி இருக்கும் என்பதும் தெரியவில்லை. நான் அவளுக்கு ஒன்பது வயது மூத்த ராத்தா. பத்தாததற்கு விஞ்ஞான ஆசிரியை. இனப்பெருக்கப் பாடம் வரும்போது, “இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள், சோதனைக்குப் படம் மட்டும் வரும்” என்று சொல்லி ஒவ்வொரு வருடமும் பக்கத்தைத் தாண்டியவள்.

எங்கள் உடம்பைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை என்று குற்றம் சொல்ல மாட்டேன். நிறையச் சொல்லித் தந்தார்கள். ஓதப் போன இடத்தில், எந்த நிறத்தில் பட்டால் தொழக்கூடாது, எத்தனை நாள் எண்ண வேண்டும், எந்த முடிக்கு அடியில் தண்ணீர் போக வேண்டும் என்பதெல்லாம் பாடம். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் வுழுவை எது முறிக்கும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வோம். உடம்பு என்றால் கழுவ வேண்டியது, மூட வேண்டியது, பிள்ளை பெற வேண்டியது. அது சந்தோசப்படவும் கூடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை கூப்பிட்டால் போ என்றார்கள். போனோம்.

“இனி இப்பிடி வந்தா பகல் பதினொரு மணிக்குக் குளி, ஆருக்கும் தெரியாது” என்றேன். மூத்தவளின் புத்திமதி அந்த லட்சணத்தில் இருந்தது.

“அப்ப சுபஹு தொழுகை?” என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமைகளில் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடக்கும். நடத்துகிற மௌலவியா என்னைவிட இளையவர், நல்ல பிள்ளை, ஓதல் கேட்டால் நெஞ்சு குளிரும். கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டில் எழுதிப் பால்மா டின்னுக்குள் போட வேண்டும். கடைசியில் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வார். நகத்தில் மருதோன்றி இருந்தால் வுழு கூடுமா, பூனை நக்கிய பாலைக் குடிக்கலாமா, இப்படித்தான் வரும்.

அந்த வாரம் உம்மா, தங்கச்சி, நான் எல்லோரும் போயிருந்தோம். மூன்றாவது துண்டை எடுத்து வாய்க்குள்ளே வாசித்தவர் அதை நான்காக மடித்தார். முகம் சிவந்துவிட்டது.

“இதென்ன கேள்வி? பொம்புளைக்கிக் கனவுல இன்பம் வந்தாக் குளிப்புக் கடமையா எண்டு ஒராள் கேட்டிரிக்கா. தனிய இரிக்கிறாக்கள் மனசக் கட்டுப்படுத்திக்கொள்ள வேணும்.”

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் “தனிய” என்ற சொல் போதுமாக இருந்தது. மண்டபத்தின் அத்தனை தலைகளும் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்பிள்ளையின் பக்கம் திரும்பின. தலாக் ஆகி நான்கு மாதம், இருபத்திநான்கு வயது. அந்தப் பிள்ளை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த உம்மாகூட உச்சுக் கொட்டினார்.

எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். அல்லாஹ்வே, அவள் பேசாமல் இருக்க வேண்டும் என்று துஆக் கேட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு பாவமறியாத பிள்ளை அங்கே எரிந்துகொண்டிருக்க, நான் என் குடும்பத்தின் மானத்துக்குத் துஆக் கேட்டேன்.

தங்கச்சி எழும்பி நின்றாள்.

“அந்தப் புள்ளயப் பாக்காதீங்க. எழுதின நான்.” அவள் நிறுத்தவில்லை. “என்ட மாப்புள கட்டார்ல. எனக்குக் கனவு வந்த. நான் ஆசப்பட்டுக் கூப்பிட்டு வந்ததில்ல, வந்த பொறகு வெறுக்கவும் இல்ல. எனக்குத் தொழுகை கூடோணும். அதுக்குப் பதில் வேணும் மௌலவியா.”

உம்மாவின் கை என் கையைப் பிடித்தது, நகம் பதிந்தது. மௌலவியா எங்களை ஏசி அனுப்பியிருக்கலாம், அங்கே அவரைக் கேட்க ஆளில்லை. ஆனால் அவரும் எழும்பி நின்றார்.

“ஓம், கடமை. முழிச்சிப் பாக்கக்கொள்ள ஈரம் இரிந்தாக் குளிக்கணும். ஆம்புளைக்கி மாதிரித்தான். கிதாபுல இரிக்கி. ரசூலுல்லாஹ்ட காலத்துல ஒரு பொம்புள நேர அவங்களிட்டயே இதக் கேட்டிரிக்கா. நான் ஓதிப் படிச்ச பாடம். வெக்கத்துல உங்களுக்குச் சென்னதில்ல.” பிறகு ஜன்னலோரம் பார்த்து, “மகள், என்ன மன்னிச்சிக்கொள்ளுங்க” என்றார்.

“பாவமில்லையா?” என்று தங்கச்சி கேட்டாள்.

“கனவுக்குப் பாவமில்ல.”

“நோய் வருத்தமும் இல்லையா?”

மௌலவியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இல்ல. உங்கட உடம்பு நல்லா இரிக்கி எண்டு அர்த்தம்.”

அந்த இரண்டு பெண்களையும் அன்றைக்குப் பார்த்தபடி நான் யாரையும் பார்த்ததில்லை. ஒருத்திக்குக் கேட்கத் துணிவிருந்தது, மற்றவளுக்குத் தன் பிழையை நாற்பது பேர் முன்னால் ஒத்துக்கொள்ளத் துணிவிருந்தது. படித்தவள் என்று பெயரெடுத்த நான் இருவருக்கும் நடுவில் குந்திக்கொண்டிருந்தேன். இப்போது பள்ளிக்கூடத்தில் அந்த இனப்பெருக்கப் பாடத்தை நான் தாண்டுவதில்லை. காது சுடுகிறதுதான், ஆனாலும் படிப்பிக்கிறேன். தங்கச்சி இன்னும் ஒரு படி மேலே போய், கிழமை முடிய முன் மாப்பிள்ளைக்கே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இந்தப் பதினாறு வருடமும் தனக்கு என்ன கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான். அந்த மனிதர் “எனக்கும் ஆரும் சென்னதில்லையே புள்ள” என்றாராம். நல்ல மனிதர்.

அன்றைக்கு மார்க்க வகுப்பு முடிந்து மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். ஏச்சுக்குத் தயாராகத்தான் தங்கச்சி குசினிக்குள் போனாள். தேத்தண்ணி ஊற்றி உம்மாவுக்கு முன்னால் வைத்தாள். உம்மா கோப்பையைத் தொடவில்லை.

“நான் ஒன்னச் சந்தேகப்பட்டிட்டன் மகள்.”

“ஓம் உம்மா. தெரியும்.”

“எனக்கும் ஒருக்கா வந்த” என்றார் உம்மா. எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “ஒன்ட ராத்தா வயித்துல வர முந்தி. எனக்கு வயசு பத்தொம்பது. ஜின் புடிச்சிட்டெண்டு பயந்து உம்மாக்கிட்டச் சென்ன. அவங்க ஓதிப் பாக்கிற ஒராளிட்டக் கூட்டிப் போய்த் தண்ணி ஓதி எடுத்துத் தந்தாங்க. ஏழு நாள் குடிச்ச.”

“மறுகா என்ன நடந்த?” என்றாள் தங்கச்சி.

“சுகமாப் போயிட்டு” என்றார் உம்மா. “அதுக்குப் பொறகு இண்டுவரைக்கும் வரல்ல.”