நினைவுப் பூங்காவுக்குள் நுழைந்த டவுன் பஸ்

கல்வராயன் மலைக்குப் போக வேண்டும் என்று நானும் என் கணவர் அருளும் மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஆயுத பூஜையை ஒட்டி எங்கள் பள்ளி அலுவலகத்துக்கு நான்கு நாள் விடுமுறை வந்தது. அவரும் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டார். அருவிகளில் தண்ணீர் இருக்கும் நேரம், கிளம்பிவிட்டோம். ஆனால் மேகம் அருவிப் படங்களுக்காக இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். நாங்கள் மலையே ஏறவில்லை.

கடலூரிலிருந்து கள்ளக்குறிச்சி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை ஐந்தரைக்கு ஏறி, பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை வழியாக எட்டே முக்காலுக்கு இறங்கினோம். பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு 9.10க்குக் கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். எனக்கு டிக்கெட் இல்லை, அருளுக்குப் பன்னிரண்டு ரூபாய். கச்சிராயபாளையத்தில் இறங்கி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மதியம் வெள்ளிமலைக்கு வண்டி ஏறுவதாகத் திட்டம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் பட்டறையில் அருளை ஒரே ஒரு குளவி கொட்டியது. கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுத்த முறை இதைவிட மோசமாகலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் பூச்சி சத்தம் கேட்டாலே என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கள்ளக்குறிச்சியைத் தாண்டி எட்டு கிலோமீட்டரில் சாலையை ஒட்டி ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.) வெள்ளத்தில் ஏரிக்கரை உடைந்தபோது மணல் மூட்டை போடப் போய் அடித்துச் செல்லப்பட்ட மூன்று கூலித் தொழிலாளர்களுக்காக ஊரார் அமைத்தது. முன்னால் பெயர் பொறித்த கல், சுற்றிலும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும். பின்னால் விளையாட்டு மைதானம். மைதானத்துக்குப் போக வேண்டுமானால் பூங்காவைக் கடந்துதான் போக வேண்டும். அன்று அந்த மூவர் நினைவாகப் பெண் பிள்ளைகளுக்கான கைப்பந்துப் போட்டி. மைதானத்தின் ஓரத்தில் மேல்நிலை நீர்த்தொட்டி, அதன் அடியில் முறம் அகலத்துக்கு மூன்று தேன்கூடுகள். முதல் ஆட்டம் முடிந்த குஷியில் யாரோ விட்ட ராக்கெட் நேராக அங்கே போய் வெடித்திருக்கிறது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பஸ்ஸிலிருந்து நாங்கள் பார்த்தபோது மணி ஒன்பதரை. ஆட்கள் துண்டால் தலையை மூடிக்கொண்டு சாலையில் ஓடிவந்தார்கள். மைதானத்தின் மேல் கறுப்பாக ஏதோ சுழன்றது. “தேனீ! ஜன்னல சாத்துங்க!” என்று கண்டக்டர் கத்தினார். டிரைவர் ஏழுமலை வண்டியை நிறுத்திவிட்டார். ஐம்பது வயதுக்காரர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்.

மைதானத்தின் நடுவில், வலைக்குப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவராகச் சுருண்டு கிடந்தார்கள்.

“அந்தப் பக்கம் ஒரு வூடுகூட இல்ல, எங்க ஓடுவாங்க?” என்றார் ஏழுமலை. “உள்ள வுட்டு ஏத்திக்கினு வந்துடலாம்.”

“இன்னாப்பா சொல்ற? இதுல முப்பது பேரு இருக்குறாங்க!” என்று பின்சீட்டில் ஒருவர் எழுந்தார்.

அடுத்துக் கத்தியது நான். “கதவத் திறக்காதீங்க! முன்னாடி போங்க! எங்க வீட்டுக்காரருக்குக் கொட்டுனா உயிரே போயிடும்!” எழுந்து போய் டிரைவர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வண்டியை எடுக்கவில்லை.

அருள் என் தோளைத் தொட்டார். “ஸ்டெல்லா, வா, உக்காரு,” என்றார். பிறகு டிரைவரிடம், “நீங்க போங்கண்ணே. நான் மூடிக்கினு உக்காந்துக்குறேன்.”

கண்டக்டர் தன் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு அம்மா சந்தைக்குக் கொண்டுபோன சாக்கைக் கொட்டிக் கவிழ்த்துத் தந்தார். அருள் இரண்டையும் போர்த்திக்கொண்டு இருக்கைக்கு அடியில் குனிந்தார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது.

பூங்கா கேட்டின் ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. இன்னொரு பக்கத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பஸ் உள்ளே போனது. செம்பருத்தி வரிசை சக்கரத்தில் நொறுங்குவது காலுக்கடியில் கேட்டது. நினைவுக்கல்லை ஒரு முழ இடைவெளியில் தாண்டினோம். கண்ணாடியில் மழை போல் தேனீக்கள் மோதின. பிள்ளைகளுக்குப் பக்கத்தில், பின்கதவு அவர்களை உரசும் அளவுக்கு ஒட்டி நிறுத்தி, ஏழுமலை கதவைத் திறந்தார். “ஒண்ணொண்ணா வாங்க! ஓடியாங்க!”

திறந்திருந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கு அந்த நிமிடம் முடியவே இல்லை. பதினோரு பேர் ஏறினார்கள். கடைசியாக வந்த பெண்ணின் தலைமுடிக்குள் தேனீக்கள் சிக்கி இரைந்தன. அவள் தடுமாறி விழுந்தது எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில். கதவு மூடியது. பலரும் துண்டாலும் பையாலும் அடித்தார்கள். நான் அவள் முடியை உதறியபோது ஒரு தேனீ பறந்து சாக்கின் ஓரத்தில் நுழைவதைக் கண்ணால் பார்த்தேன்.

“கொட்டிடுச்சு,” என்றார் அருள், சாதாரணமாக. கழுத்தில், காதுக்குக் கீழே. கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்தேன்.

ஏழுமலையிடம் சொல்லத் தேவைப்படவில்லை. வண்டி ரோட்டுக்கு வந்து கள்ளக்குறிச்சி பக்கம் திரும்பிவிட்டது. ஐந்தாவது நிமிடம் அருளின் மார்பில் தடிப்பு. எட்டாவது நிமிடம் குரல் கரகரத்தது. “பேசாத, மூச்ச விடு,” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எதிர்த்துப் பேசிய பின்சீட்டுக்காரர் போன் போட்டு, அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நிற்கச் சொன்னார். பதிமூன்று நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். இறக்கும்போது அருளுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தொடையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, “தண்ணி குடு,” என்று அவர் கேட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன். பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்கள். முடியில் தேனீ சிக்கிய சுகன்யாவுக்குத்தான் கொட்டு ஜாஸ்தி. முப்பதுக்கு மேல் எண்ணினார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிமலைக்கு பஸ் கம்மி. நேரத்தைக் கள்ளக்குறிச்சியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சிக் கடி ஒவ்வாத ஆள் கூட வந்தால், எந்த மருந்து கையில் இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் மலைப்பக்கம் வர வேண்டும். நான்கு வருடமாகப் பயந்த நான் அதைச் செய்யவில்லை. கூடு இருக்கும் இடத்தில் வெடியும் புகையும் வேண்டாம். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு, மூடிய இடத்துக்குள் ஓடுங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அருளை அனுப்பிவிட்டார்கள். பூங்காவைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். தேனீக்கள் அடங்கிவிட்டனவா என்று போனில் விசாரித்த பிறகே சம்மதித்தேன். கேட் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சக்கரத் தடத்தில் ஓர் அம்மா குழி வெட்டிச் செம்பருத்திக் குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தார். பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றும் அஞ்சலை. சுகன்யாவின் அம்மாவும் அவர்தான். மகளும் அன்று காலையிலேயே வீடு திரும்பிவிட்டாளாம்.

“நீங்களும் அந்த பஸ்ஸுல இருந்தீங்களா?” என்று மண் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களாலதாங்க எம் பொண்ணு பொழச்சிது.”

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மனம் வரவில்லை. “இல்லீங்க. கதவத் திறக்காதீங்கன்னு கத்துனது நான்தான். உங்க பொண்ண வுட்டுட்டுப் போகச் சொன்னேன்.”

அவர் கை விலகியது. “இன்னாத்துக்குங்க?” என்றார் மெதுவாக.

அருளைக் காட்டிக் காரணத்தைச் சொன்னேன். அஞ்சலை அவருடைய வீங்கிய முகத்தைப் பார்த்தார், நெடுநேரம். பிறகு மறுபடி குந்தி, குழியை அழுத்தி மூடினார்.

“இன்னும் வீங்கிக்கினுதான் இருக்குது. வெயில்ல நிக்க வுடாதீங்க, அப்படி நெழல்ல ஒக்காரச் சொல்லுங்க,” என்றார் என்னைப் பார்க்காமல்.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. பதினொன்றே முக்கால் பஸ் வரும்வரை அவர் குச்சிகளை நட நட, நான் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.