காம்ஹோய் நடத்திய பத்து ஆட்டப் பாடம்

மக்காவ் நகரத்துச் சூதாட்டக் கூடங்களில் என் கால் படாத கம்பளம் கிடையாது. மேசையோரம் நின்று ஒரு மூச்சு விட்டாலே போதும், அடுத்து வரப்போகும் சீட்டு எதுவென்று எனக்குத் தெரிந்துவிடும். இதில் முக்கால்வாசி மிகை. கம்பளம் வரைக்கும் உண்மை. அதுவும் பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகிற வழியில் இருக்கும் கம்பளம். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்த அளவு அளப்பதற்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் காம்ஹோயின் கதையில் கைவைக்க முடியாது. எதிரே லான்ஃபோங் உட்கார்ந்து பாதாம் பிஸ்கட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதிப் போடும் ஒவ்வொரு தாளையும் எடுத்துப் படித்துவிட்டு, மாவுக் கையோடு திருப்பிக் கொடுக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் புளுக முடியும்?

காம்ஹோய் எனக்குக் கீழ் மாடியில் குடியிருந்தவன். இன்றும் அங்கேதான் இருக்கிறான். அவனுடைய அப்பா மீன்பிடிப் படகுகளுக்குத் தார் பூசினார். இவன் இருபத்தோரு வயதில் பாக்கரட் என்ற சீட்டாட்ட மேசைக்குப் பின்னால் டீலராகப் போய் நின்றான். சீட்டுப் போடும் வேலை உள்ளூர்க்காரனுக்குத்தான் என்பது எங்கள் ஊர் ஏற்பாடு. வேறு எதற்கும் உதவாத பிள்ளைகளைக்கூட அது மரியாதையாக வாழவைத்துவிடுகிறது. பை இல்லாத கால்சட்டை, பை இல்லாத சட்டை. மேசையைவிட்டு நகரும்போதெல்லாம் இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, விரித்து, உள்ளங்கையைக் கூரையில் இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். பதினெட்டு வருஷத்தில் அது அவன் எலும்பில் ஏறிவிட்டது. கஞ்சி குடித்து எழுந்தாலும் கையைத் தட்டி விரித்துக் காட்டுவான். குன் யாம் கோயிலில் ஊதுபத்தி செருகிவிட்டு ஒருதரம் சாமிக்கே காட்டினான். நான் பார்த்தேன்.

ஆட்டக்காரர்களைப் பற்றி அவனிடம் பேச்செடுத்தால் வாயை மூடமாட்டான். சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி, அரை விரற்கடை அரை விரற்கடையாக மடித்து, வேண்டாத புள்ளியை விரட்டுவதாக நினைத்து அதன் மேல் ஊதுவார்களே, அதை அப்படியே நடித்துக் காட்டுவான். என் சமையலறையில் ஒரு பிஸ்கட் டப்பா மூடியை வைத்துக்கொண்டு அவன் ஊதியதைப் பார்த்து எனக்கு விலா வலித்தது.

"டீச்சர், முட்டாள்ல ரெண்டு வகை இருக்கான்" என்பான். "பேங்கர், பிளேயர்னு ரெண்டு பக்கத்துக்குச் சீட்டுப் போடுறோம். எது ஜெயிக்கும்னு கேக்குற முக்கியக் கட்டத்துல, பேங்கர் பக்கம் வைக்கிறவன் சின்ன முட்டாள். நூறு டாலர் வச்சா, சராசரியா ஒரு டாலர்தான் அவனுக்கு நஷ்டம். பக்கத்துல கலர் கலரா குட்டிக் கட்டம் போட்டிருக்கோம் பாருங்க, சமம், ஜோடின்னு, அதுல வைக்கிறவன்தான் பெரிய முட்டாள். ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வந்தா ஒண்ணுக்கு எட்டு. கேட்க நல்லா இருக்கில்ல? நூறு ஆட்டத்துல அது ஒம்பது தடவையோ பத்து தடவையோதான் வரும். நூறுக்குப் பதினாலு கூடத்துக்குப் போயிடும். ஒரு பக்கத்து முதல் ரெண்டு சீட்டும் ஒரே மாதிரி வந்தா ஜோடி, அதுக்குப் பதினொண்ணு தருவோம், ஆனா பத்துப் பிடுங்கிடுவோம். மணிக்கு நாப்பது ஆட்டம் போடுறேன் நான். ஆட்டத்துக்கு நூறுன்னு சமத்துல வைக்கிறவன் மணிக்கு ஐநூத்தெழுபது டாலர் தர்றான். எதுக்கு? அந்த நாற்காலிக்கு வாடகை!"

கணக்கு சரிதான். நானும் போட்டுப் பார்த்தேன்.

லான்ஃபோங்குக்குச் சந்தைக்குப் பின்தெருவில் பிஸ்கட் கடை. அவளுடைய அப்பா கடையின் முன்பாதியைச் சூதாட்டத்தில் விட்டுவிட்டார். பின்பாதியில் அம்மாவும் மகளும் மரஅச்சில் மாவை இடித்து மிச்ச வாழ்க்கையை நடத்தினார்கள். காம்ஹோய் நான்கு வருஷம் அந்தக் கடையில் தேவைக்கு மேல் பிஸ்கட் வாங்கினான். கடைசியில் அவள் சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. அதைச் சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"உங்க கை சீட்டைக் கொடுக்கட்டும். வாங்கக் கூடாது. ஒரு தடவைகூட. வாங்கினா நான் இல்ல."

"நானா? பதினெட்டு வருஷமா அந்தக் கூத்தைப் பார்க்கிறவன் நான்" என்று சிரித்தான். கையைத் தட்டி விரித்தும் காட்டினான்.

சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் கல்யாணம் என்று குறித்தாயிற்று. கல்யாணச் சேதி சொல்லும் பெண் வீட்டுக் கேக் இருநூறு வீடுகளுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்கு வந்த நான்கையும் நான் அன்றைக்கே தின்று தீர்த்தேன். சிவப்புப் பட்டுச் சட்டை தையற்காரரிடம் இருந்தது.

லான்ஃபோங்குக்கு சீஹாங் என்று ஒரு தம்பி. அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை, அப்பாவின் புத்தி. முக்கியக் கட்டத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டான்; குட்டிக் கட்டங்களில்தான் குடியிருப்பான். அதில் அவன் மோட்டார் சைக்கிள் போயிருந்தது. புத்தாண்டின் இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் லான்ஃபோங் காம்ஹோயிடம் சொன்னாள்: "இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. நான் சொன்னா காதுல ஏறல."

டீலர்கள் வேலை இல்லாத நேரத்தில் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. அந்த மூன்று நாளும் காம்ஹோய் வழக்கமாகத் தூங்குவான். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தான், பை வைத்தது. வாத்துக் கறியைத் தின்றுவிட்டு, "வாடா, நேர்லயே காட்டுறேன்" என்று மச்சானைக் கிளப்பினான். வேடிக்கை பார்க்க நானும் கிளம்பினேன்.

புத்தாண்டுக் கூட்டத்தில் மேசையை நெருங்கவே கால் மணி நேரம் பிடித்தது. காம்ஹோய் ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்று, பதினாலு, பத்து, ஒன்று என்று தன் பாடத்தை ஒப்பித்தான். சீஹாங் கொட்டாவி விட்டான்.

"பேசுறதுக்கு என்ன மச்சான், யார் வேணா பேசலாம். அந்தப் பக்கமே நின்னு காலம் தள்ளிட்டீங்க. இந்தப் பக்கம் உக்காந்து பத்து ஆட்டம் போட்டுக் காட்டுங்க, ஒத்துக்கிறேன்."

"ஆட்டம்னு சொல்லாத. பாடம்" என்றான் காம்ஹோய். "பத்துத் தடவை சமத்துல நூறு வைக்கிறேன். பத்தும் போகும். கண்ணால பாத்துட்டு வீட்டுக்கு வா."

"லான்ஃபோங் என்ன சொல்லியிருக்கா?" என்று கேட்டேன்.

"டீச்சர், ஜெயிக்கிறதுக்கு வைக்கிறதுதான் சூது. நான் தோக்கிறதுக்கு வைக்கிறேன்."

அப்படி ஒரு வாதத்தை டீலரைத் தவிர வேறு யார் கண்டுபிடிக்க முடியும்? எனக்குச் சிரிப்பு வந்தது. தடுத்திருக்கலாம். தடுத்தால் வேடிக்கை முடிந்துவிடுமே.

முதல் இரண்டும் போயின. "பாத்தியா" என்றான். மூன்றாவதில் இரண்டு பக்கமும் ஆறு. எண்ணூறு டாலரை டீலர் பெண் அவன் பக்கம் தள்ளினாள். காம்ஹோயின் முகம் தோற்றவன் முகம்போல் ஆயிற்று. "தற்செயல். இது கணக்குல வரும்" என்றான். ஆறாவதில் மறுபடி சமம், ஏழுக்கு ஏழு. அவன் அதிர்ஷ்டத்தை நம்பி நானும் அந்த ஆட்டத்தில் ஒரு நூறு வைத்திருந்தேன். எண்ணூறை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அத்தோடு நிறுத்தினேன். அன்றைக்கு அந்த மேசையில் புத்தியோடு எழுந்தவள் நான் ஒருத்திதான். குளிர்காலச் செருப்பு வாங்கினேன்.

பத்து ஆட்டம் முடிந்தபோது பாடம் நடத்த வந்தவன் எண்ணூறு டாலர் லாபத்தில் உட்கார்ந்திருந்தான். சீஹாங் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"நல்ல பாடம் மச்சான்! நாளைக்கும் வகுப்பு உண்டா?"

"பத்துங்கிறது பத்தாதுடா. ஆட்டம் கூடக் கூடத்தான் கணக்கு நேராகும். இன்னும் இருபது போடுறேன், பாரு."

அந்தக் கணக்கும் சரிதான். நூறு ரொம்பச் சின்னத் தொகை, இவனுக்கு உறைக்காது என்று ஐநூறாக்கினான். இருபதில் மூன்று முறை சமம் வந்து தொலைத்தது. தோற்க உட்கார்ந்தவனை விதி தோற்கவிடவில்லை. ஜோடிக் கட்டத்திலும் வைத்தான். "இதுவும் பாடத்துல வரணும் இல்லையா" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை, சீஹாங்கை அவன் திரும்பிப் பார்த்து வெகுநேரமாகியிருந்தது.

மேசையில் வந்த அதிர்ஷ்டத்தைக் கூட்டம் மோப்பம் பிடித்துவிடும். முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, அவன் வைத்த இடத்தில் தங்கள் பந்தயச் சில்லுகளையும் வைத்தார்கள். "அண்ணே, நீங்களே திறங்க!" என்றார்கள். பெரிய பந்தயம் வைக்கிறவனுக்குத்தான் சீட்டைத் தொட்டுத் திறக்கும் பாக்கியம். அதற்காக முக்கியக் கட்டத்திலும் ஐயாயிரம் வைத்தான். டீலர் பெண் அவன் கூடவே வேலை பார்த்தவள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சீட்டைக் கவிழ்த்தபடியே அவன் முன்னால் நகர்த்தினாள்.

அவன் வாங்கினான். ஓரத்தை நகத்தால் நெம்பினான். அரை விரற்கடை மடித்தான். பிறகு கன்னம் உப்ப ஊதினான். "ஊதுங்கண்ணே, ஊதுங்க!" என்று பின்னாலிருந்து பத்துப் பேர் சேர்ந்து ஊதினார்கள். என் சமையலறையில் பார்த்த அதே நடிப்பு, ஒரு மாற்றமும் இல்லை. பிஸ்கட் மூடி மட்டும் இல்லை.

சீஹாங் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.

"டீச்சர், என் மூஞ்சியும் இப்படித்தான் இருக்குமா?"

"இதைவிட மோசம்" என்றேன்.

அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடினான். அக்காவை அழைத்துவர.

அவள் வருவதற்குள் அதிர்ஷ்டம் தன் வாடகையைச் சேர்த்து வசூலித்துவிட்டது. சமம் வரவில்லை, ஜோடி வரவில்லை, கூட்டமும் கலைந்தது. கல்யாண விருந்துக்கு வைத்திருந்த பணம் முழுவதும் போய், அவன் முன்னால் இரண்டே இரண்டு சில்லுகள் கிடந்தன. லான்ஃபோங் வந்து பின்னால் நின்றாள். கையில் மாவு.

"எழுந்திருங்க. போகலாம்."

கையைத் தட்டி விரித்துக் காட்டிவிட்டு எழுந்திருக்கலாம். பதினெட்டு வருஷம் ஒரு நாளைக்குப் பத்துமுறை செய்ததுதானே? அவன் கை மேசையைவிட்டு எழவில்லை.

"இரு லான்ஃபோங். இன்னும் பத்தே ஆட்டம். கணக்கு நேராகிடும்."

அவள் போய்விட்டாள். கல்யாணம் நின்றது. இருநூறு வீட்டுக் கேக்கைத் திரும்பக் கேட்க முடியுமா? ஜீரணமாகிவிட்ட கல்யாணம் என்று தெருவே சொல்லிச் சிரித்தது. அந்தப் பெயரை வைத்தவள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

காம்ஹோய்க்கு வேலை போகவில்லை. அவன் சட்டத்தை மீறவில்லையே. இன்றைக்கும் பையில்லாத சட்டையோடு நின்று மற்றவர்களுக்குச் சீட்டு நகர்த்துகிறான், யாரையும் நடித்துக் காட்டுவதில்லை. வருஷத்தில் முன்னூற்று அறுபத்திரண்டு நாள் சேர்த்துவைத்து, புத்தாண்டின் மூன்று நாளும் குட்டிக் கட்டங்களில் வைக்கிறான். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'மூணு நாள் ராஜா'. பாடம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: சீஹாங் அன்றைக்குப் பிறகு கூடத்தின் பக்கம் போகவே இல்லை. அக்கா கடையில் மாவு இடிக்கிறான். அவனுக்குப் புத்தி வந்ததற்கான செலவைக் காம்ஹோய் ஏற்றுக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் தோற்று, இரண்டு சில்லோடு உட்கார்ந்திருந்தவனை எந்தப் பெண்தான் கட்டிக்கொள்வாள்? இந்த வரியோடு முடித்துக் கடைசித் தாளை நீட்டினேன். லான்ஃபோங் படித்தாள். மாவு படிந்த விரலை அந்த வரியின் மேல் வைத்தாள்.

"இது தப்பு டீச்சர்."

"எது?"

"ரெண்டு சில்லு. எல்லாம் போனது மறுநாள்தான். நான் வந்து நின்னப்ப அவர் முன்னாடி சில்லு இந்த பிஸ்கட் அடுக்கு உசரத்துக்கு இருந்துச்சு. திரும்பிப் பாத்துச் சிரிச்சார். தோத்துட்டிருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேன். தோத்த அன்னிக்கெல்லாம் எங்கப்பா வீட்டுக்கு வந்துடுவார். ஜெயிச்ச அன்னிக்குத்தான் வரமாட்டார்."