புருல்ச்சாவின் விளக்கக் கடிதம்

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அறுவை மருத்துவர் குழு எங்கள் ஓஷ் நகரிலிருந்து விமானம் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்கே எல்தியாரின் தொண்டையில் போட்டிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை. அந்தக் குழு அவன் நெஞ்சைத் திறந்து இதயத்தைச் சரிசெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. முன்பு இரண்டு முறை குழாயை எடுத்து, மூச்சு தாங்காமல் இரண்டு முறையும் திரும்பப் போட்டிருந்தார்கள். மூன்றாவது முறை போட்டால் நுரையீரல் தேறுவது கடினம். அதனால் இப்போது முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்று.

முகமூடி முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் பலன். எல்தியாரோ அலறினான், தலையை உதறினான். ஓரமெல்லாம் காற்று கசிந்தது. திரையில் ஆக்சிஜன் அளவு எண்பத்தைந்துக்கு இறங்கியது.

"போதும் அக்கா. திரும்பக் குழாய் போட்டுரலாம், எடுத்து வைங்க," என்றார் மருத்துவர் மெதெர்பெக்.

செவிலி புருல்ச்சா என் சித்தி. அப்போதே இருபத்து மூன்று ஆண்டாக அந்த வார்டில் இருந்தவள்.

"பத்து நிமிஷம் குடுங்க தம்பி. புள்ள பயந்து அழறான்."

"பயத்துக்கு மருந்து போடலாமே?"

"போட்டா மூச்சும் சேந்து தூங்கிரும். இவன் மருந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு."

எங்கள் ஊரில் தீவிர சிகிச்சை அறைக்குள் தாய்க்கு இடமில்லை. துணியையும் சாப்பாட்டையும் ஜன்னல் வழியே கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அலாய் மலையிலிருந்து வந்த எல்தியாரின் அம்மா ஜிபார்குல் ஒன்பது நாளாக ஆட்டுச் சாறு ஜாடியோடு அங்கேயே கிடந்தாள். சித்தி கதவைத் திறந்தாள்.

"வாடி உள்ள. கையக் கழுவு. அழுதே, அறைஞ்சிருவேன்."

"அக்கா, வேலை போயிரும் உங்களுக்கு!"

"போகட்டும் தம்பி. எங்கண்ணன் ஆடு மேய்க்க ஆளில்லாம அலையறாரு."

ஜிபார்குல் குனிந்து, முகமூடியைக் கன்னத்தோடு உள்ளங்கையால் அணைத்து, தொட்டில் பாட்டை முணுமுணுத்தாள். அலறல் விசும்பலானது. கசிவு நின்றது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று நான்கில் மெதெர்பெக் குழாய்த் தட்டைக் கீழே வைத்தார்.

மறுநாள் நிர்வாகம் விளக்கக் கடிதம் கேட்டது. அதை 'இனி நடக்காது' என்று முடிப்பதுதான் வழக்கம். சித்தி எழுதினாள்: 'தாயை உள்ளே விட்டேன். குழந்தை மூச்சு விட்டது. நாளையும் விடுவேன்.'

மூன்று மாதம் சலவைப் பகுதியில் போட்டார்கள். திரும்பிய வாரமே இன்னொரு தாயை உள்ளே விட்டாள். மறுபடி கடிதம் கேட்டார்கள். தேதியை மட்டும் மாற்றி அதே மூன்று வரி.

ஆறு ஆண்டு ஊர் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது பதினான்கு கடிதங்கள் ஆகியிருந்தன. மருத்துவமனையில் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் அவள் கைபேசிக்கு அலாயிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மந்தையை விரட்டும் எல்தியாரின் கூச்சல், ஒரே மூச்சில், முடியவே முடியாததுபோல.

சித்தி எழுந்துபோய் நிர்வாக அறைக் கதவை அகலத் திறந்தாள். ஒலியை முழுதும் கூட்டி, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.