பூனைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு வலை

பூனை போக வேண்டும் என்று முதலில் சொன்னது என் மனைவியின் அக்கா. எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியை ராத்தா என்போம். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வேலிக்கு அடுத்த வளவில் இருக்கிறார். பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். அங்கே அடுத்தவர்களின் பிள்ளைகள் நாலு பேரைத் தூக்கி வளர்த்தார். அவருக்குப் பிள்ளை இல்லை.

எங்கள் மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது, ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா வந்து வாசலில் நின்றார். பிள்ளையைத் தூக்கவில்லை. வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இன்னும் ஒரு மாசத்தில புள்ள தவழும். இந்த ஊட்டுல அது தவழ ஏலாது."

"ஏன் ராத்தா?"

"ஏனா? அந்தா வயர் தொங்குது. இந்தா மண்ணெண்ணெய்ப் போத்தல். கதிரையில ஆணி வெளிய நிக்கிது. இதெல்லாம் காணாதெண்டு இந்தத் தொரை வேற."

துரை என்றது பூனையை. அது அரிசிச் சாக்கின் மேல் படுத்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குவைத்ல நான் நிண்ட ஊட்டுல மேசை மூலைக்கெல்லாம் ரப்பர் ஒட்டியிருந்திச்சி. பிளக் ஓட்டைக்கெல்லாம் மூடி. படிக்கட்டுக்குக் கேட்."

"அங்க பூனை இல்லையா?"

"இருந்திச்சே. அதுக்கு ஊசி, பாஸ்போட் எல்லாம் இருந்திச்சி. அதுட பாஸ்போட் மேசையில கெடக்கும். எண்ட பாஸ்போட்ட மேடம் அலுமாரில வச்சிப் பூட்டியிருந்தா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். வீட்டைப் பிள்ளைக்கு ஏற்றபடி ஆக்க எனக்கு ஒரு மாதம். அதற்குள் பூனை ஒரு தடவை பிள்ளையின் மேல் ஏறினாலும், சனிக்கிழமை தீவுக்குப் போகும் போட்டில் அதை ஏற்றிவிட வேண்டும். என் மனைவி அவருக்கும் ஓம் என்றாள், எனக்கும் ஓம் என்றாள்.

அந்தத் தீவிலிருந்துதான் பூனை வந்தது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளத்தில் உப்பு வாரினேன், வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டினேன், லொறியில் கிளீனராகப் போனேன், கட்டாரில் இரண்டு வருடம் கல் அடுக்கினேன். எந்த இடத்திலும் தொடர்ந்து நிற்கவில்லை. கடைசியாகக் கற்பிட்டிக்கு அப்பால் உள்ள தீவில் மீன் வாடியில் இருந்தேன். வாடி என்பது ஓலையால் கட்டிய கொட்டில். நாங்கள் படுப்பதும் வலை கிடப்பதும் அதற்குள்தான். எலி வலையைக் கடித்துவிடும் என்று பூனை வளர்ப்பார்கள். அதில் ஒன்று, வால் பாதி போன மஞ்சள் பூனை, என் காலடியில் படுக்கத் தொடங்கியது. முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் பேசி கரைக்கு வந்தபோது, ஐஸ் பெட்டியில் வைத்து அதையும் கொண்டுவந்தேன். வழியில் ஒரு தரம் சத்தி எடுத்தது.

"சீதனம் கேக்கிற மாப்பிள்ளையப் பாத்திரிக்கிறம். பூனை கொண்டுவாற மாப்பிள்ளைய இப்பதான் பாக்கிறம்" என்று மனைவியின் ஊரான குறிஞ்சிப்பிட்டியில் கொஞ்ச நாள் கதைத்தார்கள்.

அது திரும்பத் தீவுக்குப் போனால் சாகாது. ஆனால் அந்த வாடியில் இப்போது இரண்டு நாய்கள் நிற்கின்றன. அதோடு, நான் இடம் மாறியபோது என்னோடு சேர்ந்து இடம் மாறிய உயிர் அது ஒன்றுதான். அதைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் இல்லை.

அடுத்த நாள் காலையில் கையையும் முழங்காலையும் ஊன்றி வீட்டுக்குள் தவழ்ந்தேன்.

"என்ன தொலைச்சீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்டும் இல்ல. புள்ளட கண்ணுக்கு என்ன தெரியும் எண்டு பாக்கிறன்."

நான் இருந்த வீட்டையே எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் ஒரு நீள ஆணி கீழ்நோக்கி நின்றது. சோறு அவிக்கும் குக்கரின் வயர் கைக்கு எட்டும்படி, இழு என்று சொல்வதுபோலத் தொங்கியது. குசினிக் கதவின் பின்னால் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. வெங்காயத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து. மிச்சத்தை அதில் ஊற்றி அங்கே வைத்தவனே நான்தான். நின்றுகொண்டு பார்த்தால் அது கதவுக்குப் பின்னால் மறைந்திருந்தது. தவழ்ந்து பார்த்தால் நேருக்கு நேர் இருந்தது. அன்றைக்கே, நான் இப்போது கூலிக்குப் போகும் தோட்டக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

பிறகு பூனையின் பின்னால் போனேன். எனக்குத் தெரியாத இடம் அதற்குத் தெரியும் என்று தோன்றியது. அது அலுமாரிக்கு அடியில் நுழைந்தது. தும்புத்தடியால் கூட்டி எடுத்தேன். மீன் தலை, முள், காய்ந்த நண்டுக் கால் ஒன்று, என் பழைய சீப்பு. பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடியவை அத்தனையும் அங்கே சேர்ந்திருந்தன. நகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம்; முள்ளைப் பற்றி யோசிக்கவில்லை. அன்றிலிருந்து பூனைக்குச் சாப்பாடு வெளியே, கிணற்றடிக் கல்லில். அது தின்று முடியும்வரை பக்கத்தில் நின்று, மிச்சத்தை எடுத்துப் புதைத்தேன்.

வயரைச் சுவரோடு ஏற்றிக் கட்டினேன். ஆணிகளை அடித்து மடக்கினேன். ரப்பருக்குப் பதிலாக மேசை மூலைகளில் பழைய செருப்பை வெட்டி ஒட்டினேன். ராத்தா வந்து விரலால் அமுக்கிப் பார்த்து, "குவைத்ல இவ்வளவு தடிப்பு இல்ல" என்றார். அது பாராட்டு.

மிச்சம் இருந்தது ஏணை. கூரை மரத்தில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போடும் தொட்டில். நுளம்பு, அதாவது கொசு, கடிக்காமல் போடும் வலையை அதன்மேல் போட்டால் பூனை ஒரு இழுவையில் கிழித்துவிடும். ஏற்கெனவே ஒன்று கிழித்திருந்தது. எனக்கு வலை தெரியும். பூனை கிழிக்க முடியாத வலை எது என்றும் தெரியும். போட்டின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டு, பழைய மீன்வலையில் ஒரு துண்டு வாங்கிவந்தேன். களப்பில் அலசினேன். சவர்க்காரத் தூள் போட்டு ஊறவைத்தேன். மூன்று நாள் வெயிலில் போட்டேன். நானும் மனைவியும் ஆளுக்கொரு நுனியை மூக்கில் வைத்துப் பார்த்தோம்.

"மணக்குதா?"

"ஒண்டும் இல்ல."

கூரையிலிருந்து ஏணையைச் சுற்றி அதைத் தொங்கவிட்டு, அடியில் ஈயக் குண்டு கோத்தேன். அழகாகத்தான் விழுந்தது.

அன்றிலிருந்து பூனை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அரிசிச் சாக்கை மறந்துவிட்டது. ஏணைக்கு நேர் கீழே படுத்தது. சில நேரம் எழுந்து வலையை நக்கியது.

"காவல் நிக்கிது" என்றாள் மனைவி.

எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. அது நூலை நக்கவில்லை. முடிச்சை மட்டும் நக்கியது. ஒரு முடிச்சு, பிறகு அடுத்த முடிச்சு, வரிசையாக. அரை மணித்தியாலம் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். பிள்ளையின் மேல் உள்ள பாசத்தைக் காட்டுகிறதோ என்று நினைத்தேன். பாசத்தை ஏன் முடிச்சில் காட்டவேண்டும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

வலை கட்டி ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலி அடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பூனை போட்ட சத்தம் பூனைச் சத்தம் மாதிரி இல்லை. ஓடினோம். அது வலையில் ஏறியிருந்தது. கழுத்தும் முன்கால் ஒன்றும் கண்ணிக்குள் மாட்டி, பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கிச் சுழன்றது. பிள்ளை அழவில்லை. மல்லாந்து கிடந்தபடி கண் வெட்டாமல் பார்த்து, அதைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

மனைவி அடியால் குனிந்து பிள்ளையை இழுத்து எடுத்தாள். நான் கத்தியால் வலையை வெட்டினேன். பூனை என் கையில் மூன்று கோடு போட்டுவிட்டு அலுமாரிக்கு மேல் பாய்ந்தது. பிள்ளையில் ஒரு கீறல் இல்லை. இரண்டு தரம் தடவிப் பார்த்தோம்.

சத்தம் கேட்டு ராத்தா வந்தார். வெட்டிய வலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"முடிஞ்சிது தம்பி. சனிக்கிழமை போட் போகுது."

"ஓம்" என்றேன். சம்மாட்டிக்கும் போனில் சொல்லிவைத்தேன்.

வியாழக்கிழமை மருத்துவமாது வந்தார். சிலாபம் பக்கத்துச் சிங்கள மனிசி. மாதம் ஒருதரம் வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பார்ப்பார். மிஸ் என்று கூப்பிடுவோம். ராத்தாவும் அப்போது இருந்தார். மிஸ் அறைக்குள் ஒரு கால் வைத்து, மூக்கைப் பொத்தினார்.

"அனே! அறைக்குள்ளயா கருவாடு காயப்போட்டிருக்கு?"

"இல்லையே மிஸ்."

அவர் சுற்றிப் பார்த்து, கூரையில் தொங்கிய மிச்ச வலையைக் காட்டினார். "அது என்ன?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தமுடியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளையை மீனுக்குள்ள சுத்தி வச்சிருக்கு. பூனை வராம ஆடா வரும்?"

நான் வலையைப் பிடித்து மோந்து பார்த்தேன். மனைவி மோந்தாள். ராத்தாவும் வாங்கி மோந்தார். மூன்று பேருக்கும் ஒன்றும் மணக்கவில்லை. எங்கள் தெருவில் காலையிலிருந்து மாலைவரை பாயில் கருவாடு காய்கிறது. மிஸ்ஸுக்கு நாற்றமாக இருந்தது எங்களுக்கு வெறும் காற்று.

முடிச்சு ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நூலைக் கழுவலாம். இறுக்கிய முடிச்சுக்குள் சவர்க்காரம் போகாது. அந்த வலை பிடித்த மீன் எல்லாவற்றின் ருசியும் முடிச்சுக்குள் இருந்திருக்கிறது. சரிதானா என்று பார்க்க, வலையைக் கழற்றி முருங்கையில் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் பூனை வெளியே வந்து, முருங்கைக்கு அடியில் படுத்து நக்கத் தொடங்கியது.

"பாருங்க ராத்தா. குத்தம் பூனையில இல்ல."

"வலை கட்டினது ஆரு? நீங்க போட்ல போறீங்களா அப்ப?"

"நான் போனா புள்ளைக்கு ஆர் உழைக்கிறது?"

"இப்ப மட்டும் உழைச்சிக் கிழிக்கிறீங்க, பூனைக்குப் பின்னால தவழ்ந்துக்கிட்டு."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் என் மனைவி. அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ராத்தாவும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"எனக்கு ஒரு கதவு வேணும்" என்றாள். "இந்த அறைக்கு ரெண்டு வருசமா நிலை இரிக்கி, கதவில்ல. சேலை தொங்குது. நான் கெணத்தடியில நிண்டு தண்ணிய ஊத்தவா, புள்ள அழுற சத்தத்தக் கேக்கவா? தலைக்கு ஒழுங்கா சவக்காரம் போட்டு ஆறு மாசம். கதவச் சாத்திட்டா பூனை வெளியில, புள்ள உள்ளுக்கு. அவ்வளவுதான்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"ஆராவது கேட்டீங்களா? குவைத்தக் கேட்டீங்க, பூனையக் கேட்டீங்க. என்னக் கேக்கல்ல."

வாடியில் கதவு இல்லை, லொறியின் பின்பக்கம் கதவு இல்லை, தோட்டத்துக் குடிலில் கதவு இல்லை. கதவு இல்லாததை நான் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது.

ராத்தா கதவில்லாத நிலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எண்ட பழைய குசினிக் கதவு ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால நிக்கிது" என்றார். "அளவு சரிவரும். போட் பலகை எடுத்திராதீங்க தம்பி, அதயும் நக்கும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கதவைச் சீவி, பிணைச்சல் அடித்து மாட்டினேன். யன்னலுக்குக் கம்பிவலை அடித்தேன், புதியது, கடையில் வாங்கியது. கொளுக்கியை உயரத்தில் வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் ராத்தா பூனையைப் போட ஒரு உரப்பையோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். கதவு கிடைத்ததால் பேச்சு மாறிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனைவி பிள்ளையை அறைக்குள் பாயில் விட்டு, கொளுக்கியைப் போட்டு, துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி விழுந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

பூனை வந்து மூடிய கதவின் முன்னால் உட்கார்ந்தது. உள்ளே பிள்ளை வயிற்றால் அரக்கி அரக்கி வரும் சத்தம். கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தது; மாட்டும்போது அதைக் கவனிக்கவில்லை. அதனூடாக நாலு சின்ன விரல்கள் வெளியே வந்தன.

ராத்தா எழும்பினார். நானும் எழும்பினேன். அதற்குள் பூனை முன்காலைத் தூக்கி விரல்களின் மேல் வைத்துவிட்டது. நான் நகத்தையே பார்த்தேன். நகம் வெளியே வரவில்லை. பஞ்சு மாதிரி ஒரு தட்டு. விரல்கள் உள்ளே போயின. உள்ளே ஒரு சிரிப்பு. விரல்கள் மறுபடி வந்தன. பூனை மறுபடி தட்டியது.

போன் அடித்தது. சம்மாட்டி. "பூனை வருதா இல்லையா? போட் எடுக்கப் போறம்."

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர் கண்ணை எடுக்காமல் கதவின் அடியைப் பார்த்துக்கொண்டு, உரப்பையை நாலாக மடித்துக் கதிரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"போகச் சொல்லுங்க" என்றார். "நீங்க முதல்ல அந்த ஓட்டைய அடைங்க. நகம் எண்டைக்கும் உள்ளுக்கே இரிக்காது."

கிணற்றடியில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. நான் கதவின் அடியில் அடிக்க ஒரு மரச்சட்டம் எடுக்கப் போனேன். சட்டம் உடனே கிடைத்தது. ஆணியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் தேடினேன்.