எக்கோ அறைச் சக்களத்தி

தையல்காரம்மாவுக்கு யார்மேலும் பொறாமை வந்ததில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அக்காவின் நிறத்தின்மேல் வந்தது, பக்கத்துக் கடைக்காரனின் மோட்டார் வைத்த மிஷின்மேல் வந்தது. ஆனால் தூக்கத்தைக் கெடுத்த பொறாமை ஐம்பது தாண்டித்தான் வந்தது. அதுவும் எக்கோ எடுக்கிற பெண்மேல்.

தையல்காரம்மாவின் கணவர் சலூன் வைத்திருப்பவர். கடையில் வாய் ஓயாது. வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. இதயம் சரியாகப் பம்ப் செய்யவில்லை என்று தெரிந்ததிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கப் போவார். வந்தால் அந்தப் பெண்ணின் புராணம்தான்.

"என் இதயத்த என்னைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சட்டை தைப்பவள் இவள். மார்பளவை டேப் இல்லாமலே சொல்வாள். சட்டைக்கு வெளியே இருப்பது இவளுக்கு, உள்ளே இருப்பதெல்லாம் எவளோ ஒருத்திக்கா? பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த முறை தானும் கூடவே கிளம்பிவிட்டாள்.

அரையிருட்டு அறை. அந்தப் பெண் ஒன்றும் பெரிய அழகியில்லை, அதில் கொஞ்சம் நிம்மதி. அவர் நெஞ்சில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது.

"மூச்ச இழுத்து நிறுத்துங்க ஐயா."

நிறுத்தினார். டிவியை நிறுத்தச் சொன்னால் காதிலேயே வாங்காத மனிதர்.

கருவி மேல்வயிற்றுக்கு இறங்கியது. அந்தப் பெண் போன முறை எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதயத்துக்குப் போற இந்தக் குழாய் போன தடவ மெலிசா இருந்துச்சு, இப்ப உப்பிக் கிடக்கு. உடம்புல தண்ணி சேருது. நீர் மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"ஆமாம்மா. போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. பாதி மொகத்துல நுரையோட ஆள உக்கார வச்சுட்டு நான் எங்க ஓடறது?"

தினமும் "மாத்திரை போட்டீங்களா" என்று இவள் கேட்பாள், தினமும் அவர் 'ம்' என்பார். அத்தனையும் பொய். அந்தப் பெண்ணோ ஒரே கேள்வியில் கறந்துவிட்டாள். இது உயிர் போகிற விஷயம் என்ற பயம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது வயிற்றெரிச்சல்.

"இப்படியே விட்டா அடுத்த தடவ நீங்க நடந்து வரமாட்டீங்க," என்றார் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர். "எந்திரிச்சதும் மாத்திரையப் போடுங்க, கடைய லேட்டாத் தொறங்க."

பஸ் நிறுத்தத்தில் கேட்டாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அழுவே. அந்தம்மா அழமாட்டாங்க."

அழுகை வந்தது. இப்போது அழுதால் அந்தப் பெண் ஜெயித்ததாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப அழலையே. சொல்லுங்க."

அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"பயமா இருக்கு."

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க," என்றாள். அதற்குமேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.